நால்வர் ஆட... ஒருவர் காத்திருக்க!

கூடைப்பந்து பார்த்திருப்பீர்கள். ஒரு வீரர் களைத்துவிட்டால் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்து, இன்னொருவரை உள்ளே அனுப்புவார். சதுரங்கத்தில் அப்படிச் செய்ய முடியுமா? ஆட்டம் தொடங்கிவிட்டால் முடியவே முடியாது! யார் ஆடுவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். அது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா?

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில் 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை சின்னமாக இருந்ததே, அதே போட்டிதான்!

ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஆனால், ஒரு சுற்றில் நான்கு பேர்தான் ஆடலாம். யாருக்கு ஓய்வு என்பதை அணியின் கேப்டன் முடிவு செய்வார். பெரும்பாலும் அவர் ஆட மாட்டார். ஆட்டத்தின் நடுவே, 'இந்தக் காயை நகர்த்து' என்று சொல்லவும் கூடாது!

இந்திய 'பி' அணியின் கேப்டன், பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷ். குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சத்வானி ஆகியோர் வீரர்கள். அதிபனைத் தவிர மற்றவர்கள் 18 வயதைத் தாண்டாதவர்கள்! தரவரிசையில் இந்த அணிக்கு 11-வது இடம்தான்.

ஆறாவது சுற்றில் எதிரணி ஆர்மேனியா. பிரக்ஞானந்தாவுக்கு ஓய்வு. குகேஷ் வென்றார், நிஹால் டிரா செய்தார். ஆனால் கடைசி இரண்டு பலகைகளிலும் தோல்வி! 1.5-2.5 என்று அணி தோற்றது. ஒருவர் மட்டும் ஜெயித்தால் போதாது, பார்த்தீர்களா?

எட்டாவது சுற்றில், முதல் தரவரிசை பெற்ற அமெரிக்கா! இம்முறை அதிபனுக்கு ஓய்வு. ஐந்தாவது வீரரான ரௌனக் நான்காவது பலகையில் அமர்ந்தார். அனுபவசாலியான டொமிங்குஸை வீழ்த்தினார்! குகேஷ், கருவானாவை வென்றார். மற்ற இரண்டும் டிரா. 3-1 என்று இந்தியா வென்றது. முடிவில் வெண்கலமும் கிடைத்தது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. அதன் தரவரிசை 14!

வீரர்களை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பதும் ஒரு தந்திரம்தான். 2024-ல் புடாபெஸ்டில், இந்திய அணியிலேயே அதிக ரேட்டிங் வைத்திருந்தவர் அர்ஜுன் எரிகைசி. அவர் ஆடியதோ மூன்றாவது பலகையில்! அங்கே எதிராளிகள் சற்று எளிதானவர்கள். ஆனால், எந்தப் பலகையில் ஜெயித்தாலும் அணிக்கு ஒரே மதிப்புதான். அர்ஜுன் 11 ஆட்டங்களில் 10 புள்ளிகள் குவித்தார். முதல் பலகையில் குகேஷ் 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்தார். இந்திய ஆண்கள் அணிக்கு முதல் தங்கம்!

உங்கள் பள்ளி அணியில் 'நீ இன்று வெளியே உட்கார்' என்று சொன்னால் வருத்தமாகத்தான் இருக்கும். அப்போது ரௌனக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆளின் முறையும் வரும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்!