இன்ஜினைத் தூக்கும் சுவிட்ச் மக்கர் பண்ணுதா? பம்ப்பை மாத்துறதுக்கு முன்னாடி 'ஏர்' எடுத்துப் பாருங்க!

படகு கரையை நெருங்கிவிட்டது. சுவிட்சை அமுக்கினால் பின்னாடி 'உர்ர்'னு சத்தம் மட்டும்தான் வருகிறது. இன்ஜின் மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அப்படியே கரையேற்றினால் புரொப்பல்லர் மணலில் அடித்து இறக்கை உடைய வேண்டியதுதான்.

சின்ன அவுட்போர்டு இன்ஜின் என்றால் கையாலேயே தூக்கிவிடலாம். அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 60 குதிரைத்திறன் கொண்ட 4 ஸ்ட்ரோக் இன்ஜின் 100 கிலோவுக்கு மேல் கனம். அதனால்தான் பெரிய இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் தூக்கும் 'பவர் டில்ட்' வைத்திருக்கிறார்கள். அது மக்கர் செய்ததும், "பம்ப் போச்சு" என்று பெரிய செலவில் இறங்கிவிடுகிறார்கள் பலர். பல நேரங்களில் கோளாறு பம்ப்பில் இல்லை. உள்ளே ஏர் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

ஏர் பிடித்தால் என்ன ஆகும்?

பேட்டரி கரண்டில் ஓடும் சின்ன மோட்டார், பம்ப்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஆயிலை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சிலிண்டர் தண்டு வெளியே வந்து இன்ஜினைத் தூக்குகிறது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது. காற்றை முடியும். காலி சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து அமுக்கினால் உள்ளே போகும். தண்ணீர் நிரப்பி அமுக்கினால் அசையாது. அதே கதைதான் இங்கேயும். காற்று புகுந்துவிட்டால் பம்ப்பின் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

ஆயில் குறைந்தாலோ, சீல் தேய்ந்து கசிந்தாலோ ஏர் புகும்.

எது ஏர், எது இல்லை?

சத்தமே வரவில்லையா? அது ஏர் இல்லை. பேட்டரி, பியூஸ், உப்பரித்த வயர் முனைகளைப் பாருங்கள். சத்தம் வந்தும் தூக்கவில்லை, குலுங்கிக் குலுங்கி ஏறுகிறது, ஆயிலில் நுரை இருக்கிறது என்றால் ஏராக இருக்கலாம். ராத்திரி தூக்கி வைத்தது காலையில் தானாக இறங்கியிருந்தால், உள் வால்வோ சீலோ கசிகிறது.

ஏர் எடுப்பது எப்படி?

1. படகைக் கரையேற்றி அசையாமல் நிறுத்துங்கள். இன்ஜின் முழுசாக இறங்கினாலும் தரையில் இடிக்கக் கூடாது. இன்ஜின் தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாதபடி சேஃப்டி கயிற்றை உருவிவிடுங்கள்.

2. இன்ஜினை முழுசாக மேலே தூக்குங்கள். சுவிட்சுக்கு ஏறவில்லையா? பிராக்கெட் பக்கத்தில் கையால் தூக்குவதற்கான திருகு ஒன்று இருக்கும். அதை இடப்பக்கமாகத் தளர்த்தி, ரெண்டு மூணு பேர் சேர்ந்து தூக்குங்கள். திருகை மொத்தமாகக் கழற்றிவிடக் கூடாது.

3. தாங்கு லிவரைப் போடுங்கள். கூடவே கயிற்றாலும் கட்டுங்கள். பிறகு திருகை மறுபடி இறுக்குங்கள்.

4. ஆயில் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு மெதுவாகத் திறங்கள். இன்ஜின் மேலே இருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். கீழே இருக்கும்போது திறந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

5. துவாரத்தின் விளிம்பு வரை ஆயில் ஊற்றி மூடுங்கள். பல இன்ஜின்களுக்கு சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஆயில்தான். உங்கள் இன்ஜினுக்கு எது என்பதை கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

6. கயிற்றையும் லிவரையும் எடுத்துவிட்டு, சுவிட்சால் முழுசாக இறக்குங்கள், முழுசாக ஏற்றுங்கள். மேலே நிறுத்தி, மறுபடி லிவரும் கயிறும் போட்டு 5 நிமிஷம் விடுங்கள். குமிழிகள் மேலே வந்துவிடும். மூடியைத் திறந்து, ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.

7. இதையே நாலைந்து தடவை செய்யுங்கள். ஆயில் மட்டம் இறங்காமல் நின்று, இன்ஜின் குலுங்காமல் ஏறினால் வேலை முடிந்தது.

சுவிட்சை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

விரல் ஜாக்கிரதை!

தாங்கு லிவர் போடாமல் இன்ஜினுக்குக் கீழேயோ பிராக்கெட் இடுக்கிலோ கையை விடவே விடாதீர்கள். திருகு தளர்ந்திருந்தால் 100 கிலோ இரும்பு ஒரே நொடியில் கீழே விழும். பம்ப்பை மாற்றிவிடலாம், விரலை மாற்ற முடியாது.

ஏர் எடுத்த சில நாளிலேயே பழையபடி ஆகிறதா? அப்படியானால் எங்கோ கசிவு இருக்கிறது. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த ரெண்டுக்கும் மெக்கானிக்கிடம் போய் சீலைப் பார்க்கச் சொல்வதே நல்லது.

கடலுக்குப் போய் வந்ததும் அந்த சிலிண்டர் தண்டை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். தண்டில் படியும் உப்பும் சிப்பியும்தான் சீலை அறுக்கும் எதிரி. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பெரிய செலவு மிச்சம்!