எந்தச் சட்டத்தின்படி?

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் ஒரு பள்ளி. காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் மற்றவர்களோடு நேராக, மரியாதையாக நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். எந்த நாட்டின் கீதத்தையும் பாடுவது அந்தப் பிரிவின் நம்பிக்கைக்கு ஒவ்வாது. அதே பள்ளியில் முன்பு படித்த அக்காக்களும் இப்படித்தான் நின்றார்கள். அது யாருக்கும் உறுத்தவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு உறுத்தியது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்று அந்தக் குழுவே அறிக்கை கொடுத்தது. அப்படியும் கல்வித்துறை அதிகாரி சொன்னதை ஏற்று, ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூன்று பேரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று அப்பா கெஞ்சினார். தன் கையில் ஒன்றுமில்லை என்றார் தலைமையாசிரியை.

அந்தப் பதிலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவர் கையில் இல்லை, சரி. பிறகு யார் கையில் இருந்தது? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது?

கேரள உயர் நீதிமன்றம் இதைக் கேட்கவில்லை. தேசிய கீதத்தின் வரிகளில் எந்த மதத்தையாவது புண்படுத்தும் சொல் இருக்கிறதா என்று தேடியது. இல்லை என்று கண்டு மனுவைத் தள்ளுபடி செய்தது. பிள்ளைகளோ சொற்களில் குறையே சொல்லவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் இருவரும் 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தார்கள்.

பள்ளி நிர்வாகம் கையில் வைத்திருந்தவை கல்வித்துறையின் இரண்டு சுற்றறிக்கைகள். ஒன்று 1961இல் வந்தது, மற்றது 1970இல். காலையில் எல்லோரும் சேர்ந்து தேசிய கீதம் பாட வேண்டும் என்பது அவற்றின் சாரம். சுற்றறிக்கை என்பது துறை தன் ஊழியர்களுக்குச் சொல்லும் அறிவுரை. சட்டத்தின் பலம் அதற்குக் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். சரி, சட்டம் என்ன சொல்கிறது? தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய கீதத்தைப் பொறுத்தவரை, பிறர் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும் பாடுகிற கூட்டத்தில் இடையூறு செய்வதையும் மட்டுமே குற்றமாக்குகிறது. எழுந்து நின்று மௌனமாக இருப்பவர் மீது அந்தச் சட்டம் கை வைக்கவில்லை. எனவே மூவரையும் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது.

இந்தத் தீர்ப்பின் ஓர் அடித்தளம் அரசியல் சட்டத்தின் 19ஆவது உறுப்பு. முதல் உட்பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. அதில் வயது வரம்பு எதுவும் இல்லை. இரண்டாவது உட்பிரிவு அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆனால் அதற்குச் ‘சட்டம்’ வேண்டும், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும். காரணங்களையும் அங்கேயே எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். ‘சிலர் மனம் புண்படும்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ‘மேலிடத்து உத்தரவு’ என்பதும் இல்லை.

இதே பிரிவினரின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் வகுப்பறைக்காக நீதிமன்றம் ஏறினார்கள். கொடிக்கு வணக்கம் செலுத்தாத பிள்ளைகளைப் பள்ளி நீக்கலாம் என்று 1940இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையடுத்து அந்தச் சிறு பிரிவினர் மீது ஊர் ஊராகத் தாக்குதல் நடந்தது. மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூனில், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. நாட்டுப்பற்று பொங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அந்த நீதிபதிகளுக்கு இருந்தது. நம் நீதிபதிகள் 1986இல் அந்த இரண்டு தீர்ப்புகளையும் எடுத்துப் பேசினார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் சட்டமில்லாத காகிதங்கள்தான் பெரும்பாலும் வாயை அடைக்கின்றன என்பது என் எண்ணம். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். அடுத்த மாதம் ஊரில் கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘சமாதானப் பேச்சு’ நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். புத்தகத்துக்கு அரசு தடை ஏதும் போடவில்லை. ஒரு மேசை, சில அதிகாரிகள், வெளியே ஒரு கூட்டம். அவ்வளவுதான் அங்கே இருந்தது. 2016 ஜூலை 5 அன்று, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அந்த உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. மீண்டும் எழுதச் சொல்லியும் அவரைக் கேட்டுக்கொண்டது.

கூட்டம் கூடி மிரட்டினால் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாகிவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்குத் தந்த தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1989இல் அதைத் திரும்பக் கொடுத்தது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது, பேசுகிறவரைப் பாதுகாப்பதே அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு சரியானது என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

ஆனால் எல்லாச் சுற்றறிக்கையையும் நீதிமன்றம் வீழ்த்திவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. பாடநூல் விஷயத்தில் சட்டம் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் கல்வி அமைப்புகளுக்கு இருக்கிறது. திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம் 9ஆம் வகுப்பு மத்தியப் பாடநூலில் இருந்தது. 1859 வரை நீண்ட போராட்டம் அது. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சிபிஎஸ்இ 2016இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் உடையின் வரலாறு பற்றிய அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து போனது. நாகர்கோவிலில் படிக்கும் பிள்ளை தன் ஊர்ப் பாட்டிகள் பட்ட பாட்டைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. இங்கே நீதிமன்றத்தை நம்பிப் பயனில்லை. ஆசிரியர் வகுப்பில் சொல்ல வேண்டும், வீட்டில் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

வகுப்பில் அமைதி காக்கச் சொல்லவும், பாடம் நடக்கும்போது கூச்சலைத் தடுக்கவும் பள்ளிக்கு உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி கேட்டதற்காக, ஒரு கட்டுரை எழுதியதற்காக, பாடாமல் நின்றதற்காக ‘டி.சி. கொடுத்துவிடுவேன்’ என்று மிரட்டுவது வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவில், 8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மற்ற தனியார் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தும்.

கோட்டயத்துப் பிள்ளைகளுக்கு நீதி கிடைக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. படிக்கும் வயதில் அது பெரிய இழப்பு. அதனால் உங்கள் பிள்ளைக்கு அப்படியொரு நிலை வந்தால் முதல் நாளே கேளுங்கள்: இது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அவசரப்பட்டு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அரசுப் பள்ளி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.