வாகன நிறுத்துமிடமும் மழைநீரும்: பராமரிப்பில் ஒரு சிறு கணக்கு

கட்டடப் பராமரிப்பு என்றவுடன் மின்தூக்கி, நீரேற்றும் மோட்டார், வெளிச்சுவர் வண்ணப்பூச்சு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வாகனம் நிறுத்தும் இடத்தை அந்தப் பட்டியலில் சேர்ப்போர் மிகச் சிலரே. வெறும் தரைதானே, அதில் பழுதுபட என்ன இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஒரு வளாகத்தில் பெய்யும் மழை எவ்வளவு தூய்மையாக வெளியேறுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் இந்தத் தரைக்குப் பெரும் பங்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தினரும், கடை, திருமண மண்டபம், மருத்துவமனை, பணிமனை நடத்துவோரும் இதனை அறிந்திருப்பது நலம்.

மழைநீர் போகும் வழி

நம் நகரங்களில் பெரும்பாலும் இருவகை வடிகால்கள் அமைக்கப்படுகின்றன. கழிவறை, சமையலறை நீரைப் பாதாளச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்திற்கு எடுத்துச் செல்கிறது. தெருவோர மழைநீர் வடிகாலுக்கு அத்தகைய நிலையம் ஏதும் இல்லை. அதில் விழுந்தது எதுவாயினும் நேரே ஏரியையோ ஆற்றையோ கடலையோ சென்றடைகிறது.

பெங்களூரு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கு மழைநீரைச் சுமந்து ஏரிகளை இணைக்கும் கால்வாய்களை ராஜகாலுவே என்பர். நகரின் தென்கிழக்குப் பகுதி மழைநீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர் தென்பெண்ணை ஆற்றுக்கும் செல்கிறது. அந்த ஆறே ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையையும், கிருஷ்ணகிரி அணையையும் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியதையும், 2017 பிப்ரவரியில் அதன் பரப்பில் தீப்பற்றியதையும் நாளிதழ்களில் படித்தோம். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரே அந்த ஏரியின் முதன்மைச் சிக்கல். எனினும் சாலைகளிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் கழுவப்படும் அழுக்கும் அதே கால்வாய்களில்தான் இறங்குகிறது. முன்னதைச் சீர்செய்வது அரசின் பெருந்திட்டங்களைச் சார்ந்தது. பின்னது பெருமளவு நம் கையில் இருக்கிறது.

தரையில் சேர்வது என்ன?

நிற்கும் வாகனத்திலிருந்து எஞ்சின் எண்ணெயும் டீசலும் சொட்டுகின்றன. பிரேக் தேயும்போது செம்பு முதலிய உலோகத் தூளும், டயர் தேயும்போது துத்தநாகம் கலந்த ரப்பர்த் துகளும் உதிர்கின்றன. இவற்றோடு புகைக்கரியும் சாலைப் புழுதியும் சேர்ந்து படிகின்றன. டயர்த் துகள் தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மடிந்ததற்கு, டயர் ரப்பரில் சேர்க்கப்படும் ஒரு பொருளிலிருந்து உருவாகும் வேதிச்சேர்மமே காரணம் என ஆய்வாளர்கள் 2020 இறுதியில் அறிவித்தனர்.

சில எண்களைக் கொண்டு பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். ஏறத்தாழ 40 கார்கள் நிற்கும் 1,000 சதுர மீட்டர் கான்கிரீட் தரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 20,000 லிட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு வழிந்தோடுவதாகக் கொண்டால் 18,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை.

இனி எண்ணெய்க் கணக்கு. நாற்பதில் பத்து கார்கள் மட்டும் நாளொன்றுக்கு இருபது சொட்டு சிந்துவதாக வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு சுமார் 1 மில்லிலிட்டர். நாளைக்கு 10 மில்லிலிட்டர் எனில், 180 நாள் கோடையும் பனியுமாகக் கழிந்தபின் 1.8 லிட்டர். அதில் ஒரு பகுதி தரையில் ஊறிப்போகும். எஞ்சியது புழுதியோடு ஒட்டிக்கொண்டு முதல் மழைக்காகக் காத்திருக்கும். ஆறு மாத நிலுவை ஒரே நாளில் தீர்வது போல, பருவத்தின் முதல் மழையிலேயே அழுக்கின் பெரும்பகுதி வெளியேறுகிறது. ஆகவே பராமரிப்பின் பயன் மழைக்கு முன்னர் செய்வதிலேயே உள்ளது.

நம் கிணற்றுக்கே திரும்பும் அழுக்கு

பெங்களூரில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு 2009 முதல் சட்டப்படி கட்டாயம். பிற நகரங்கள் பலவற்றிலும் இத்தகைய விதி உண்டு. கடன் விண்ணப்பங்களுக்காக வளாகங்களைப் பார்வையிடச் செல்லும்போது, மொட்டைமாடி நீரும் வாகனத் தரை நீரும் ஒரே உறிஞ்சுகுழியில் விடப்பட்டிருப்பதைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். மாடி நீர் ஒப்பீட்டளவில் தூயது. தரை நீர் அவ்வாறன்று. இரண்டையும் சேர்த்து மண்ணுக்குள் விட்டால் எண்ணெயும் உலோகமும் நிலத்தடி நீரை நோக்கி இறங்க வழி ஏற்படும். அதே வளாகத்தின் ஆழ்துளைக் கிணறு சில மீட்டர் தொலைவில் இருக்கக்கூடும். மாடி நீரைத் தனிக் குழாயில் உறிஞ்சுகுழிக்குக் கொண்டு செல்வதும், தரை நீரை வண்டல் தொட்டி, எண்ணெய்த் தடுப்புத் தொட்டி ஆகியவற்றின் வழியே வடிகாலில் விடுவதும் பாதுகாப்பான முறை.

செய்யவேண்டியவை

முதலாவது, தரையைக் கழுவாமல் பெருக்குதல். குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவுவது தூய்மை போலத் தோன்றும். உண்மையில் அழுக்கை வடிகாலுக்குத் தள்ளும் வேலை அது. வாரம் ஒருமுறை உலர்வாகப் பெருக்கி, குப்பையை அள்ளி அகற்றுதல் நன்று. மழைக்காலத்திற்கு முன்னர் ஒருமுறை மூலை முடுக்கெல்லாம் பெருக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய்க் கறை கண்டவுடன் மரத்தூளோ உலர்ந்த மணலோ தூவி, உறிஞ்சியபின் வாரி, மூடியுள்ள தகர வாளியில் சேர்த்தல். தொடர்ந்து சொட்டும் வாகனத்தின் உரிமையாளருக்கு அறிவித்து, பழுது நீக்கும் வரை கீழே ஒரு தட்டு வைக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, வண்டி கழுவும் முறை. ஒரு வாளி நீரும் ஈரத்துணியும் போதும். தரைக்கீழ்த் தளத்தில் மழை விழாது. ஆயினும் அங்கு கழுவும் நீர் குழியில் தேங்கி, மோட்டார் மூலம் வடிகாலுக்கே ஏற்றப்படுவது உண்டு. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் வாகனம் கழுவத் தடை விதிக்கப்பட்டு, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டதையும் நினைவிற்கொள்க.

நான்காவது, தொட்டிகளைத் துப்புரவு செய்தல். எண்ணெய்த் தடுப்புத் தொட்டி எளிய அமைப்பு. மேலிருந்து அடிவரை எட்டாத ஒரு தடுப்புச் சுவர் அதன் நடுவே இருக்கும். நீர் சுவருக்கு அடியில் புகுந்து வெளியேறும். மிதக்கும் எண்ணெய் மேலே தங்கிவிடும். சோப்பு நீர் கலந்தால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறித் தொட்டியைத் தாண்டிவிடும் என்பதால் சோப்புத்தூள் கொண்டு தரை கழுவுதல் கூடாது. வாரிய வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைத்தால் அடுத்த மழை அதனை உள்ளே சேர்த்துவிடும்.

ஐந்தாவது, பணிமனை நடத்துவோர்க்கு உரியது. வாகனத்திலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருகிறது. அதனை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். நீர்நிலைகளில் மாசுப்பொருளை விடுவதை 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் தடை செய்கிறது.

செலவு எந்தத் தலைப்பில்?

பெருக்குதல், மரத்தூள் வாங்குதல், வண்டல் அகற்றுதல் ஆகியவை ஆண்டுதோறும் வரும் வருவாய்ச் செலவுகள். இவற்றை மாதப் பராமரிப்புக் கட்டணத்திலேயே அடக்கிவிடலாம். எண்ணெய்த் தடுப்புத் தொட்டி கட்டுதல், குழாய்களைப் பிரித்தல், ஓரப்பகுதியில் கான்கிரீட்டை நீக்கிப் புல்தரையோ நீர் ஊடுருவும் கற்களோ பதித்தல் ஆகியவை மூலதனச் செலவுகள். இவற்றுக்குச் சங்கத்தின் சேமநிதியில் தனி ஒதுக்கீடு செய்து, தரையை மறுபடி போடும் ஆண்டில் சேர்த்துச் செய்தால் இருமுறை இடித்துக் கட்டும் செலவு மிஞ்சும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று வினாக்களை எழுப்புங்கள். நம் வளாகத்துத் தரை நீர் எங்கே போகிறது? உறிஞ்சுகுழியுடன் அது இணைந்திருக்கிறதா? வண்டல் தொட்டி கடைசியாக எப்போது திறக்கப்பட்டது? இவற்றுக்கு விடை கிடைத்தால் மழைக்கு முன் செய்யவேண்டியவற்றின் பட்டியல் தானே உருவாகிவிடும்.