நோர்வேயின் நாசகாரிகளும் திருமலையிலிருந்த சகோதரக் கப்பலும்

1944 ஏப்ரலில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு பெரும் போர்த் தலைமையகம் வந்து இறங்கியது. தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தளபதி லூயி மவுண்ட்பேட்டன் கண்டியில் இருந்தபடியே பர்மாப் போரை வழிநடத்தினார். கடலே தெரியாத இந்த மலைநகருக்கு வந்தவர், உண்மையில் நாசகாரிக் கப்பலில் போரிட்டுப் பழகிய மாலுமி. 1940 மே மாதத்தில் நோர்வேயின் நாம்சோஸ் துறையிலிருந்து படையினரை மீட்கச் சென்ற கப்பல்களில் அவருடைய 'கெல்லி'யும் ஒன்று.

நாசகாரியின் தகட்டைச் சிறு பீரங்கிக் குண்டுகூடத் துளைத்துவிடும். அதற்குக் காப்பு வேகம்தான். பெரிய கப்பல்களைத் தாக்க வரும் டோர்பிடோப் படகுகளை விரட்டவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது உருவானது. பின்னர் அந்தப் படகுகளின் ஆயுதத்தைத் தானே ஏந்திக்கொண்டது.

நோர்வே 'டிரௌக்' என்ற நாசகாரியை 1908இல் ஹோர்ட்டன் தளத்தில் கட்டியது. எடை சுமார் 540 தொன். நீண்டு வளைந்த குடாக்களையும் தீவுகளையும் கொண்ட கரையைக் காவல் காக்க அந்த அளவு போதுமென்று கருதினார்கள். 1930களின் பிற்பகுதியில் வந்த 'ஸ்லைப்னர்' வகையும் சிறியதுதான், 700 தொன்னைச் சற்றே தாண்டும். ஆனால் அதன் கட்டளைமேடைக்கும் பாய்மரத்துக்கும் அலுமினியம் பயன்படுத்தியிருந்தார்கள். மேற்பகுதியின் பாரம் குறைந்தால், சிறிய உடலில் 100 மில்லிமீற்றர் பீரங்கிகளை ஏற்றினாலும் கப்பல் தள்ளாடாது. அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான பொறியியல்.

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனி படையெடுத்தது. ஸ்டவாங்கரில் அந்த வகையைச் சேர்ந்த 'ஏகர்', விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொண்டுவந்த 'ரோடா' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. சிறிது நேரத்தில் ஜேர்மன் விமானக் குண்டு 'ஏக'ரையே முடித்துவிட்டது. வானிலிருந்து வரும் தாக்குதலுக்கு அந்தச் சிறிய கப்பல்கள் ஈடுகொடுக்க முடியவில்லை.

நாட்டை இழந்தபின் பிரித்தானியாவிலிருந்து போரிட்ட நோர்வேக் கடற்படைக்கு 1943இல் 'ஸ்டூர்ட்' கிடைத்தது. பிரித்தானியாவின் எஸ் வகைக் கப்பல் அது: சுமார் 1,700 தொன், 40,000 குதிரைவலு, மணிக்கு ஏறத்தாழ 67 கிலோமீற்றர் வேகம், நான்கு நான்காக இரு தொகுதிகளில் எட்டு டோர்பிடோக் குழாய்கள். அதே வகையில் பிறந்த பிரித்தானியக் கப்பல் 'சோமரெஸ்'.

1943 டிசம்பர் 26, ஆர்க்டிக் இருட்டு. ஜேர்மனியின் 'ஷார்ன்ஹோர்ஸ்ட்' போர்க்கப்பலை இவ்விரண்டும் மேலும் இரு நாசகாரிகளும் துரத்தின. 280 மில்லிமீற்றர் பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பலின் கவசத்தை 120 மில்லிமீற்றர் குண்டுகளால் துளைக்க முடியாது. நீருக்கடியில்தான் அடிக்க வேண்டும். டோர்பிடோவோ மெதுவாகப் போகும். தூரத்திலிருந்து எய்தால் எதிரி திரும்பித் தப்பிவிடுவான். ஆகவே பாய்ந்து நெருங்கி, சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, குழாய்களை எதிரியின் பக்கம் சுழற்றி ஒவ்வொன்றாக எய்ய வேண்டும். அந்தச் சில வினாடிகளில் கப்பலின் முழு நீளமும் எதிரியின் பீரங்கிக்கு முன்னால் கிடக்கும். 'ஸ்டூர்ட்' இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவான தூரம் வரை போய் எட்டையும் எய்தது. மாலுமித் துணிவுக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். நான்கு கப்பல்களின் தாக்குதலில் 'ஷார்ன்ஹோர்ஸ்ட்' வேகம் இழந்தது. பின்தொடர்ந்த பெரிய கப்பல்கள் எட்டிப் பிடித்தன. 1,900க்கும் மேற்பட்டோரில் தப்பியவர்கள் 36 பேர்தான். அந்தப் போரை நடத்திய அட்மிரல் ஃபிரேசர், 1944 ஓகஸ்டில் கிழக்குக் கடற்படையின் தளபதியாக இலங்கை வந்தார்.

'சோமரெ'ஸும் வந்தது. 1945 மே மாதம் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ஐந்து நாசகாரிகளுக்கு அதுவே தலைமைக் கப்பல். மே 16 அதிகாலை, பினாங்குக்கு அப்பால், ஜப்பானின் 'ஹகுரோ' குரூசரை அவை பல திசைகளிலிருந்து சூழ்ந்து டோர்பிடோக்களால் மூழ்கடித்தன. ஆர்க்டிக்கில் கைகண்ட அதே முறை, மலாக்கா நீரிணையிலும் பலித்தது.

'ஸ்டூர்ட்'டை நோர்வே 1946இல் விலைக்கே வாங்கியது. அதே ஆண்டில் பிரித்தானியாவிடமிருந்து மேலும் நான்கு நாசகாரிகளைப் பெற்று ஒஸ்லோ, பேர்கன், டிரொண்ட்ஹைம், ஸ்டவாங்கர் என்று தன் நகரங்களின் பெயர்களைச் சூட்டியது. 'ஸ்டூர்ட்' 1959இல் உடைக்கப்பட்டது. 1960களில், நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதையே முதன்மை வேலையாகக் கொண்ட ஒஸ்லோ வகை பிரிகேட்டுகள் நாசகாரிகளின் இடத்தை எடுத்துக்கொண்டன.