ஃபிளாஞ்சுக்கு எந்த போல்ட்? ஆம்பூர்ப் பக்கம் ட்ரெயினிங் போறவங்க படிச்சிட்டுப் போங்க

போன வருஷம் இன்பிளாண்ட் ட்ரெயினிங்குக்காக ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். ரெண்டாவது நாளே ஃபிட்டர் அண்ணன் பைக் சாவியைக் கையில் கொடுத்து, "தம்பி, 4 இன்ச் லைனுக்கு எட்டு போல்ட் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். ஹார்டுவேர் கடையில் போய் அப்படியே சொன்னேன். கடைக்கார பாய் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சைஸ் தம்பி? நீளம்? எம்எஸ்ஸா, எஸ்எஸ்ஸா, ஹைடென்சிலா? எந்த லைனுக்குப் போடப் போறீங்க?"

மெஷின் டிசைன் பேப்பரில் 'ஏ' கிரேடு வாங்கியவன் நான். நாலு கேள்வியில் ஒன்றுக்குக்கூட பதில் தெரியவில்லை. அந்த அசிங்கத்தில் ஆரம்பித்துப் படித்ததும், ஃபிட்டர் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் ஏத்திக்கோங்க. ஃபிளாஞ்சில் போல்ட் என்பது ரெண்டு தகட்டைச் சேர்த்துக் கட்டும் ஆணி இல்லை. அது ஒரு ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது போல்ட் மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவைதான் ரெண்டு ஃபிளாஞ்சையும் அழுத்தி, நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை (சைட்டில் எல்லாரும் 'பேக்கிங்' என்றுதான் சொல்வார்கள்) நசுக்கி வைக்கிறது. ஒழுகாமல் தடுப்பது பேக்கிங். பேக்கிங்கை அழுத்திக்கொண்டே இருப்பது போல்ட்டோட வேலை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4 இன்ச், கிளாஸ் 150 ஃபிளாஞ்ச். அதன் நடுவில் உயர்ந்திருக்கும் முகத்தின் விட்டம் சுமார் 157 மிமீ. உள்ளே 10 பார் பிரஷர் அந்த முகம் முழுக்கத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்த விசை 19 கிலோநியூட்டன் சொச்சம், அதாவது ரெண்டு டன். எட்டு போல்ட்டுக்குப் பிரித்தால் தலைக்குக் கால் டன். ஆனால் 8.8 கிரேடு எம்16 போல்ட் ஒன்றை அதன் யீல்டில் பாதி வரைக்கும் முறுக்கினாலே 50 கிலோநியூட்டன், அஞ்சு டன் இழுக்கும். அப்புறம் எதுக்கு எட்டு? பேக்கிங் சுற்றிலும் ஒரே மாதிரி நசுங்கணும் என்பதற்காக. போல்ட்டுக்கு போல்ட் இடைவெளி அதிகமானால் நடுவில் ஃபிளாஞ்ச் லேசாக வளைந்து அங்கேதான் முதலில் ஒழுகும்.

ஆக, நம்ம ஊர் கழிவுநீர் லைன்களில் போல்ட்டின் பலம் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. லைனுக்குள் ஓடுவது என்ன என்பதுதான் பிரச்சினை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்க தோல் எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று வேகமாகப் பார்த்துவிடலாம். தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வருகிறது. அதை ஊறவைக்கும் தண்ணீரில் அந்த உப்பெல்லாம் இறங்கும். முடியை நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். அடுத்து அமிலமும் மறுபடி உப்பும். பிறகு குரோம். இது எல்லாம் கலந்து வருவதுதான் கழிவுநீர். போல்ட் வாங்கப் போறவன் இதில் ரெண்டு பேரை ஞாபகம் வச்சாப் போதும்: குளோரைடு, சல்ஃபைடு.

இந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் நேராகப் பாலாற்றுக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பாழானதாக ஒரு ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. சுத்திகரிப்பு இல்லாமல் தோல் தொழிற்சாலை நடத்த முடியாது என்ற நிலை அதில்தான் உறுதியானது. இன்னைக்கு நாம ட்ரெயினிங் போற நிலையங்களும், அதில் இருக்கும் எக்கச்சக்கமான ஃபிளாஞ்சுகளும் இருப்பதற்குக் காரணம் அதுதான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள். அது சுவர், போல்ட் விஷயம் இல்லை. ஆனால் 'கழிவுத் தண்ணிதானே, ஒழுகினா என்ன' என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். நான் போன நிலையத்தில் ஒரு எஸ்எஸ் லைனுக்கு சாதா எம்எஸ் போல்ட் போட்டிருந்தார்கள். ஜிங்க் பூச்சு பளபளவென்று இருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. கழற்றிப் பார்த்தால் நடுப்பகுதி சீவின பென்சில் மாதிரி மெலிந்திருந்தது. காரணம் நம்ம கெமிஸ்ட்ரி பாடத்தில் தூங்கிக்கொண்டே கேட்ட கால்வானிக் அரிப்பு. உப்புத் தண்ணீர் ரெண்டு உலோகத்தையும் நனைத்தால் அது ஒரு பேட்டரி. எஸ்எஸ் ஃபிளாஞ்ச் பெரிய கேத்தோடு, போல்ட் குட்டி ஆனோடு. அந்தப் பெரிய பரப்புக்கான அரிப்பு மொத்தமும் இந்தக் குட்டி மேல் விழும். இதையே திருப்பிப் போட்டால், அதாவது எம்எஸ் ஃபிளாஞ்சில் எஸ்எஸ் போல்ட் போட்டால், அவ்வளவு மோசம் இல்லை. அரிப்பு பெரிய ஃபிளாஞ்ச் முழுக்கப் பரவிப்போகும். நனைகிற இடத்தில் ஃபிளாஞ்சைவிட போல்ட் மட்டமான உலோகமாக இருக்கவே கூடாது.

அப்போ எல்லா இடத்துக்கும் எஸ்எஸ் போட்டுடலாமா? நானும் இதைத்தான் கேட்டேன். அதில் நாலு சிக்கல்.

எஸ்எஸ் 304 குளோரைடில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். மாலிப்டினம் சேர்ந்த 316 அதைவிடத் தாங்கும். போல்ட் தலையில் 'ஏ2-70' என்று இருந்தால் 304 வகை, 'ஏ4-70' என்றால் 316 வகை. கடைசியில் வரும் 70 என்பது 700 மெகாபாஸ்கல் இழுவிசை. தலையில் எந்த முத்திரையும் இல்லாத 'எஸ்எஸ்' போல்ட் 202ஆகக்கூட இருக்கலாம், வாங்காதீங்க. காந்தம் வைத்துப் பார்த்து 304க்கும் 316க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சைட்டில் பாதிப் பேர் அப்படி நம்புகிறார்கள், விட்டுடுங்க.

ரெண்டாவது, எஸ்எஸ் மென்மையானது. ஃபிளாஞ்சுகளுக்கு வழக்கமாகப் போடும் குரோம்-மாலி ஸ்டட், ஏ193 பி7, அதன் யீல்டு சுமார் 720 மெகாபாஸ்கல். 316இல் வரும் பி8எம் கிளாஸ் 1 ஸ்டட்டுக்கு 205 மட்டுமே. மூணில் ஒரு பங்குகூட இல்லை. பி7க்குச் சொன்ன டார்க்கை இதுக்கு வச்சா போல்ட் நீண்டே போய்விடும், ஸ்பிரிங் வேலை முடிஞ்சது.

மூணாவது, எஸ்எஸ் நட்டும் எஸ்எஸ் போல்ட்டும் உரசும்போது மரை ஒட்டிக்கொள்ளும். பாதி வழியில் நின்றுவிட்டால் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, அறுத்துதான் எடுக்கணும். ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, கையால் மெதுவாக ஏற்றினால் தப்பிக்கலாம்.

நாலாவதுதான் ஆபத்தானது. ஆர்ஓவில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் எவாபரேட்டர் பக்கம் போனால், சூடு, குளோரைடு, போல்ட்டில் எப்போதும் இருக்கும் இழுவை, மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. சுமார் 60 டிகிரிக்கு மேல் 304, 316 ரெண்டுமே துருவே காட்டாமல் உள்ளுக்குள் விரிசல் விடலாம். அதுவும் இன்சுலேஷனுக்கு உள்ளே ஒழுகினால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் போல்ட் மேல் படிந்துகொண்டே போகும். பைப்புக்குள் உப்பு எவ்வளவு என்பது அப்போது கணக்கே இல்லை. அந்த இடத்துக்கு டூப்ளெக்ஸ் போல்ட்டோ, பூச்சு போட்ட பி7 ஸ்டட்டோ பார்க்கணும். ஒழுகினால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஃபிளாஞ்சை இன்சுலேஷனுக்கு வெளியே விடுவது அதைவிட நல்லது.

இப்போ சல்ஃபைடு. இங்கே என்னோட இன்னொரு அசிங்கம். கசடு லைனில் ஒரு ஃபிளாஞ்ச் அடிக்கடி ஒழுகியது. "அண்ணா, 12.9 போட்டுடலாம், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதான் முதல்ல உடையும்" என்றார்.

சல்ஃபைடு கலந்த தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். காற்றில்லாத கசடிலும் தானாகவே உருவாகும். ஈரமான இரும்பின் மேல் அது வேலை செய்யும்போது பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள் நுழைந்துவிடும். மென்மையான ஸ்டீல் அதைச் சமாளித்துக்கொள்ளும். கடினமான ஸ்டீல், இழுவையும் இருந்தால், கண்ணாடி மாதிரி பட்டென்று உடையும். 12.9 போல்ட்டின் கடினம் 39 முதல் 44 ராக்வெல் சி. இந்த மாதிரி இடத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் எல்லை 22. அதற்காகவே கடினத்தைக் குறைத்துச் செய்த பி7எம் ஸ்டட்டும், 2எச்எம் நட்டும் இருக்கின்றன. யீல்டு 550 மெகாபாஸ்கல்தான், ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்க, நமக்கு அதுவே தாராளம். திறந்த வெளியில் காற்றோட்டமாக இருக்கும் ஃபிளாஞ்சுக்கு சாதா பி7 போதும். மண்ணுக்குள் புதைந்தது, மூடி போட்டது, இன்சுலேஷனுக்குள் இருப்பது, இப்படி வாயு தங்கும் இடத்துக்குத்தான் பி7எம்.

சைஸ் விஷயம் சுலபம், ஆனால் மாட்டுவது அதில்தான். 4 இன்ச் கிளாஸ் 150க்கு எட்டு 5/8 இன்ச் ஸ்டட், நீளம் 90 மிமீ. போல்ட் ஓட்டைகளின் வட்டம் 190.5 மிமீ. அதே அளவு பைப்புக்கு வரும் பிஎன் 16 ஃபிளாஞ்சிலும் எட்டு ஓட்டைதான், ஆனால் வட்டம் 180 மிமீ. பம்ப் ஒரு ஸ்டாண்டர்டு, பைப் இன்னொரு ஸ்டாண்டர்டு என்றால் ரெண்டும் சேராது. ஓட்டையை கேஸ் வெல்டிங்கில் இழுத்து நீட்டிப் பொருத்தினதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெஞ்சு செய்யாதீங்க. 5/8ம் எம்16ம் பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும், மரை வேற. எம்16 நட்டை 5/8 ஸ்டட்டில் ஏற்றினால் ரெண்டு மரை ஏறி இறுகிவிடும். நல்லா டைட் ஆயிடுச்சுன்னு நீங்க விட்டுட்டு வந்தா, மரை கழண்ட கேஸ் போல்ட் இல்ல, நாமதான்.

முறுக்குவது பற்றி. டார்க் = 0.2 × இழுவை × விட்டம். நம்ம 50 கிலோநியூட்டனுக்கு 0.2 × 50,000 × 0.016 = 160 நியூட்டன் மீட்டர். 40 செமீ ஸ்பேனரில் 40 கிலோ பலத்தில் இழுத்தால் இது வந்துவிடும். அதே 40 கிலோவை ஒரு மீட்டர் பைப் சொருகி இழுத்தால் 400. போல்ட்டில் கணக்குப்படி 125 கிலோநியூட்டன், யீல்டோ சுமார் 100தான். அந்த 0.2 உலர்ந்த மரைக்கு. கிரீஸ் போட்டால் 0.15 பக்கம் குறையும், அப்போது 120 நியூட்டன் மீட்டரிலேயே அதே இழுவை கிடைத்துவிடும். ரப்பர் பேக்கிங் என்றால் இந்த எண்கள் எல்லாமே ரொம்ப அதிகம், பிதுங்கி வெளியே வந்துவிடும். பேக்கிங் கம்பெனி கொடுக்கும் அளவைத்தான் எடுக்கணும். எச்டிபிஇ லைன் என்றால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல அமுங்கும், அதனால் மறுபடி முறுக்காமல் விடக்கூடாது.

எட்டையும் வரிசையாக முறுக்காதீங்க. எதிரெதிராக, நட்சத்திரம் போடுகிற மாதிரி. முதல் சுற்றில் முப்பது சதவீதம், அடுத்து எழுபது, பிறகு முழுசு. கடைசியாக ஒரு வட்டம் வரிசையாக. ஒரு நாலு மணி நேரம் கழித்து வந்து இன்னொரு முறை பாருங்க, பேக்கிங் அமுங்கி இழுவை குறைந்திருக்கும்.

கழற்றும்போது? வால்வை மூடியிருக்காங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டிரெயினைத் திறந்து நீங்களே பாருங்க. உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் நட்டை முதலில் தளர்த்துங்க, உள்ளே பிரஷர் மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் பீச்சும். எந்த நட்டையும் முழுசாகக் கழற்றாமல் ஃபிளாஞ்சை லேசாகப் பிரிங்க. கசடு லைன் என்றால் கேஸ் டிடெக்டர் இல்லாமல் கையே வைக்காதீங்க. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிஞ்சுடும் என்று நினைப்பீங்க, ஆனால் 100 பிபிஎம் தாண்டினாலே மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் திடீரென்று நின்றால் காற்று வரும் திசையில் ஒதுங்கி ஓடுங்க, ஸ்பேனரை அப்புறம் எடுத்துக்கலாம்.

அப்புறம் பாய் கடைக்கு மறுநாள் திரும்பப் போனேன். இந்த முறை சீட்டில் எழுதி எடுத்துப் போனது: "5/8 இன்ச் ஸ்டட், 90 மிமீ, ஏ193 பி7, 8 எண்ணம். 2எச் நட் 16. திறந்தவெளி எம்எஸ் லைன், டெஸ்ட் சர்டிஃபிகேட் வேணும்." படித்துவிட்டு, "பழைய போல்ட்டையும் கொண்டு வந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். கொண்டுபோகவில்லை.