வெள்ளை டிரஃபிளை ஏன் சமைப்பதில்லை?

இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் உள்ள ஆல்பா நகரில், இலையுதிர் காலம் வந்தால் வெள்ளை டிரஃபிள் சந்தை களைகட்டும். பார்வைக்கு மண் ஒட்டிய உருளைக்கிழங்குதான். ஆனால் இது கிழங்கல்ல. ஓக், பாப்லர், ஹேசல் மர வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்தும் டூபர் மக்னாட்டம் என்ற பூஞ்சையின் கனியுடல்.

இதற்கு ஏன் இவ்வளவு மணம்? குடைக்காளான் மண்ணுக்கு மேலே வந்து வித்துகளைக் காற்றில் விடுகிறது. மண்ணுக்குள்ளேயே கிடக்கும் டிரஃபிளுக்கு அந்த வழியில்லை. அதனால் வித்து முதிர்ந்ததும் மணம் வீசி விலங்குகளை அழைக்கிறது. தோண்டித் தின்னும் விலங்கின் எச்சத்தோடு வித்து வேறிடம் போய்ச் சேர்கிறது. தேடிப் போகிறவர்களும் பழக்கிய நாயின் மூக்கைத்தான் நம்புகிறார்கள். பன்றிக்கும் மோப்பம் உண்டு, ஆனால் கண்டதை அதுவே தின்றுவிடும்!

பூண்டை நினைவூட்டும் அந்த மணத்துக்கு முதன்மைக் காரணம் ஒரு கந்தகச் சேர்மம். அது எளிதில் ஆவியாகும். அடுப்பில் வைத்தால் பறந்துவிடும். ஆகவே வெண்ணெயில் புரட்டிய தாஜரின் பாஸ்தாவின் மேலோ பொரித்த முட்டையின் மேலோ, பரிமாறும் நொடியில் பச்சையாகவே மெல்லிசாகச் சீவிப் போடுகிறார்கள். உணவின் இளஞ்சூடு பட்டதும் மணம் குப்பென்று எழும். கடையில் விற்கும் டிரஃபிள் எண்ணெய் பெரும்பாலும் செயற்கை மணம் சேர்த்தது. அதை வைத்து டிரஃபிளை எடைபோடாதீர்கள். அசலில் பல சேர்மங்கள் கலந்திருக்கின்றன.