கைக்கு எட்டிய தூரம்

‘கால் தி மிட்வைஃப்’ தொடரை ரசித்துப் பார்த்துவிட்டு ஜெனிஃபர் வொர்த்தின் நினைவுநூலைத் தேடிப் போகிறவர்கள், திரையில் வந்தது கதை, புத்தகத்தில் இருப்பதுதான் நிஜம் என்ற நம்பிக்கையோடு போகிறார்கள். அந்த நம்பிக்கையே நூலைச் சரியாகப் படிக்க விடாது என்பது என் கட்சி. வொர்த் பிறந்தது 1935இல். கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியான பாப்லரில் ஆங்கிலிக்கன் கன்னியரோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தது 1950களில். 1973இல் செவிலியர் வேலையை விட்டு இசைக்குப் போய்விட்டார். நூல் வந்ததோ 2002இல். அதற்குத் தூண்டுகோல், மருத்துவச்சியான டெர்ரி கோட்ஸ் 1998இல் எழுதிய ஒரு கட்டுரை. இலக்கியத்தில் மருத்துவச்சிகளுக்கு இடமே இல்லை, கால்நடை மருத்துவர்களுக்கு எழுத்தாளர் ஜேம்ஸ் ஹெரியட் செய்ததை நமக்கு யாராவது செய்யக்கூடாதா என்று அவர் கேட்டிருந்தார். ஹெரியட் என்பதே புனைபெயர். ஊரையும் ஆட்களையும் மாற்றி, நடந்ததற்கு வண்ணம் பூசிச் சொன்னவர் அவர். அந்த அச்சில் வார்த்த நூல் இது. புனித ஜான் கன்னியர் மடம் இதில் ‘நானட்டஸ் ஹவுஸ்’ ஆகிறது. சின்னத்திரை வருவதற்கு முன்பே வாழ்க்கை ஒருமுறை தழுவப்பட்டாயிற்று.

சந்தேகம் இருந்தால் 2005இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளில் வளர்ந்த ஜேன், பெகி, ஃபிராங்க் ஆகியோரின் பிள்ளைப் பருவம் அதில் வசனத்தோடு விரிகிறது. அந்த விடுதிகளை நடத்திய வாரியங்கள் 1930இல் கலைக்கப்பட்டன. நூலாசிரியர் அப்போது பிறக்கவே இல்லை. யாரோ சொல்லக் கேட்டதை அவர் காட்சியாக்கியிருக்கிறார். தொடரை எழுதிய ஹைடி தாமஸ் பிற்பாடு செய்ததும் இதேதான். புள்ளிவிவரம் வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாதம் எண்பது, நூறு என்றிருந்த பிரசவங்கள் 1963இல் நாலைந்தாகச் சுருங்கின, கருத்தடை மாத்திரைதான் காரணம் என்கிறார் வொர்த். அவர் எண்ணிக்கையை நான் சந்தேகிக்கவில்லை, காரணத்தைத்தான் சந்தேகிக்கிறேன். பிரிட்டனில் அறுபதுகளின் குழந்தைப் பிறப்பு உச்சத்தைத் தொட்டதே 1964இல்தான். அந்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேல். மாத்திரையால் ஊரே மலடாகியிருந்தால் அந்தக் குழந்தைகள் எங்கிருந்து வந்தன? பிரசவங்களில் எழுபது சதவீதம் மருத்துவமனையில் நடக்க வசதி வேண்டும் என்று 1959இலேயே கிரான்புரூக் குழு பரிந்துரைத்துவிட்டது. 1960இல் மூன்றில் ஒரு பங்காக இருந்த வீட்டுப் பிரசவம் அதற்குப் பிறகு வேகமாகச் சரிந்தது. குறைந்ததில் பெரும்பகுதி கன்னியரின் கணக்கில்தான், குழந்தைகளின் கணக்கில் அல்ல.

இவ்வளவு ஓட்டை இருந்தால் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். விடை அந்த அம்மாளின் கைகளில் இருக்கிறது. கைக்கு எட்டிய தூரத்தில் நடந்ததைச் சொல்லும்போது அவர் பிசகுவதில்லை. தலைக்குப் பதிலாகப் பிட்டம் முதலில் வரும் பிரசவத்தை, பயிற்சியில் இருந்த ஜென்னி, அதாவது இளவயது வொர்த், மடத்துக் கன்னியரில் ஒருவரான சிஸ்டர் பெர்னடெட்டின் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். உடல் வெளியே வந்ததும் இழுக்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். இழுத்தால் குழந்தையின் கைகள் தலைக்கு மேலே போய்ச் சிக்கும், நாடி நிமிர்ந்து தலை மாட்டிக்கொள்ளும். அதனால் தேர்ந்த மருத்துவச்சி கையை எடுத்துவிடுகிறாள். குழந்தை தன் எடையிலேயே தொங்க, தலை குனிந்து இறங்குகிறது. பிடரி முடி தெரிந்த பிறகுதான் கால்களைப் பிடித்து மேலே தூக்குகிறாள். கான்சிட்டா என்ற ஸ்பானியப் பெண்ணின் அத்தியாயமும் அப்படித்தான். குறைமாதக் குழந்தையை மருத்துவமனைக்குத் தர மறுத்து, மார்போடு வைத்துக்கொண்டு, சீம்பாலைப் பீய்ச்சி ஒரு கண்ணாடிக் குச்சியின் நுனியில் சொட்டுச் சொட்டாக உதட்டில் வைக்கிறாள் தாய். இந்த மார்போடு அணைக்கும் முறையை கொலம்பியாவின் பொகோட்டாவில் டாக்டர்கள் ஒரு சிகிச்சையாகவே தொடங்கியது 1978இல். வொர்த் அந்தக் குச்சியைச் சொல்வதில் கதைக்கென்று எதுவும் இல்லை, பார்த்தவர் சொல்வது மட்டுமே இருக்கிறது.

தொடரும் வேலையைக் காட்டத்தானே செய்கிறது என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். உண்மைதான். டெர்ரி கோட்ஸே அதற்கு ஆலோசகர். நடிகைகளுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் கேமராவால் கையைக் காட்ட முடியும்; அந்தக் கை ஏன் சும்மா இருக்கிறது என்பதைக் காட்டுவது கஷ்டம். சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. நூலைத் தாண்டி வளர்ந்த தொடர், தாலிடோமைடு மாத்திரையால் கை கால் குறைந்து பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னதே என்றால், அந்தப் பெருமை முழுக்க அதற்குரியதுதான். மறுபக்கம், கேபிள் தெருவின் விபசார விடுதிகளைப் பற்றி வொர்த் எழுதியிருக்கும் பக்கங்களை ஞாயிறு இரவு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியில் அப்படியே காட்ட எந்தச் சேனலும் துணியாது. அழுக்கைக் கண்டு முகம் சுளிக்கும், ஆட்களைச் சட்டென்று எடைபோட்டுவிடும் அந்த இளம் செவிலியைத் திரை மிகவும் நல்லவளாக்கிவிட்டது. புத்தகத்தில் இருப்பவளைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஆகவே தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாகத்தை ஒரு தொழிலாளியின் வாக்குமூலமாகப் படியுங்கள். பிரசவ நுணுக்கம் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கதைக்கு ஓடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் அந்த ஏழை விடுதிக் கதைகளை நாவலாகப் படியுங்கள், நல்ல நாவல்தான். மாத்திரை பற்றிய பத்தியை மட்டும் நம்பிவிட வேண்டாம்.